மூன்றாவது இஞ்சின்

பழைய மோட்டார் வண்டிக்கு இஞ்சின் மாற்றப் போகிறோம் என்று வாயைத் திறந்தால் போதும், உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. "பழமையைக் கெடுக்காதீர்கள்" என்பது ஒரு கட்சி. "அந்தக் காசுக்குப் புது வண்டியே வாங்கிவிடலாமே" என்பது மற்றொரு கட்சி. இவ்விரு கட்சியாரிலும், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, முகத்தில் எண்ணெய் சொட்டச் சொட்ட வேலை செய்தவர்கள் மிகச் சிலரே என்பது என் அனுபவம். வேலை செய்தவர்களுக்கு வாதம் செய்ய நேரம் இருப்பதில்லை போலும்.

எங்கள் வண்டி என்று நான் உரிமை கொண்டாடுகிறேனே தவிர, பதிவுப் புத்தகத்தில் இருப்பது பெரியப்பாவின் பெயர். அவர் வீடு காஞ்சன்பாக்கில் இருக்கிறது. வண்டியோ 1968-ஆம் ஆண்டு பிறந்த மகீந்திரா எஃப்.சி.-150 என்னும் சிறு சுமைவண்டி. ஜீப்பின் சட்டத்தை எடுத்துக்கொண்டு, ஓட்டுநரை இஞ்சினுக்குப் பின்னால் உட்கார வைக்காமல் இஞ்சினுக்குப் பக்கத்திலேயே, முன்னச்சின் மேல் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று யாரோ யோசித்ததன் விளைவு அது. அந்த யாரோ, அமெரிக்காவின் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்னும் வடிவமைப்பாளர். வில்லிஸ் கம்பெனி 1956-ஆம் ஆண்டின் இறுதியில் அதை வெளியிட்டது. 1965 முதல் மகீந்திரா கம்பெனி நம் நாட்டில் செய்தது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 81 அங்குலந்தான். ஆனாலும் பின்னால் ஒரு முழுநீளச் சுமைப் பெட்டி. மூக்கே இல்லாத முகம். தெருக் குழந்தைகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'தவளை வண்டி'.

காஞ்சன்பாக்கைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நம் விடுதி நண்பர்களில் பலருக்கு அது பழைய நகரத்துக்குத் தெற்கே எங்கோ இருக்கும் ஒரு பேருந்து நிறுத்தம். ஆனால் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்களும், 1970-இல் தோன்றிய பாரத் டைனமிக்ஸும், 1973-இல் தோன்றிய மிதானி என்னும் மிசுர தாது நிகமும் அங்கேதான் கூடி இருக்கின்றன. உலோக ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைமை வகித்த வி. எஸ். அருணாசலம் நம்மவர். 1982-இல் ஏவுகணை ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநராக வந்த அப்துல் கலாமைப் பற்றித் தமிழ் மாணவர்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ? இந்தப் பெரியவர்களின் நிழலில், பெயர் தெரியாத பல நூறு தமிழ்ப் பிட்டர்களும் டர்னர்களும் நெல்லையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் அங்கே வந்து குடியேறினார்கள். அவர்களுள் ஒருவர்தான் பெரியப்பா. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏலத்தில் இந்தத் தவளையை எடுத்தவரும் அவரே.

எடுத்தபோது வண்டியில் இருந்தது ஹரிக்கேன் என்னும் பெட்ரோல் இஞ்சின். நான்கு சிலிண்டர், 2199 கன சென்டிமீட்டர், 75 குதிரைத்திறன். காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வால்வு தலையில். புகை வெளியேறும் வால்வு கீழே உடலில். இரு வேறு காலத்தின் வழக்கங்களை ஒரே உருவத்தில் சேர்த்த விசித்திரமான அமைப்பு. ஓசை இனிமையானது, குடியோ பெருங்குடி. 1986-இல் பெரியப்பா கணக்குப் பார்த்துவிட்டு அதை இறக்கி வைத்தார். அக்காலத்தில் மகீந்திரா கம்பெனியே பிரெஞ்சு நாட்டுப் பெஜோவின் டீசல் இஞ்சினை, 2112 கன சென்டிமீட்டர் அளவில், இகத்புரியில் செய்து தன் ஜீப்புகளில் வைத்து விற்றது. அந்த இஞ்சினும் நான்கு கியர்ப் பெட்டியும் வண்டியில் ஏறின. பதிவுப் புத்தகத்திலும் 'டீசல்' என்று எழுதப்பட்டது. ஹரிக்கேன் மட்டும் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கொட்டகையின் மூலையில் உட்கார்ந்தது.

பெஜோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டு, இரண்டாண்டுகளுக்கு முன் சிலிண்டர் தலையில் விரிசல் விட்டது. ஒட்டிப் பார்த்தோம், மீண்டும் விட்டது. வேறு தலை தேடினோம்; கிடைத்தவை யாவும் எங்களுடையதைக் காட்டிலும் மோசமானவை. வண்டி நின்றது. வண்டி நின்றதென்றால் அக்காவின் தொழிலும் பாதி நின்றதென்று பொருள். அக்கா என்பது பெரியப்பாவின் ஒரே மகள். இப்ராகிம்பட்டணம் பக்கம் குத்தகை நிலத்தில் செடி நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறாள். மாங்கன்றும் கொய்யாக் கன்றும் எருமூட்டையும் மண்சட்டியும் ஏற்றி இறக்க அவளுக்கு இருந்த ஒரே துணை அந்தத் தவளை.

இந்தச் சமயத்தில்தான் பழைய வண்டிகளைச் சேகரிக்கும் ஒரு கனவான் வந்து சேர்ந்தார். மூலையில் கிடந்த ஹரிக்கேனைத் தார்ப்பாய் விலக்கிப் பார்த்தவுடன் அவர் முகம் மலர்ந்தது. அதையே திரும்ப ஏற்றி, பழைய மூன்று கியர்ப் பெட்டியையும் பூட்டி, 1968-இல் இருந்தபடியே நிறுத்தினால் நல்ல விலை தருவதாகச் சொன்னார். அவர் சொன்ன தொகையைக் கேட்டுப் பெரியம்மா காப்பியில் இரண்டாம் முறை சர்க்கரை போட்டுவிட்டார்கள்.

அவர் பேச்சில் சட்டத்தின் பக்கபலமும் இருந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதிகள் வகுத்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நாற்சக்கர வண்டிகள் அதில் சேரலாம். எண்ணின் நடுவே 'வி.ஏ.' என்னும் எழுத்துக்கள் வரும். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய்; பத்தாண்டு செல்லும். ஆனால் சட்டகத்திலோ, உடலிலோ, இஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. இது ஒரு நிபந்தனை. இன்னொன்றும் உண்டு: அப்படிப் பதிவான வண்டியை அன்றாட வேலைக்கோ வாணிபத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், பந்தய ஊர்வலத்துக்குப் போகலாம், எண்ணெய் போடவும் பழுது பார்க்கவும் போகலாம்.

"அப்போ மாங்கன்னு ஏத்தக் கூடாதா?" என்று கேட்டாள் அக்கா.

"கூடாது அம்மா" என்றார் கனவான்.

"அப்புறம் அது எதுக்கு?" என்றாள். அந்த மூன்று சொற்களுக்குமேல் அவள் எதுவும் பேசவில்லை. பெரியப்பா அன்றைக்கு விடை சொல்லவில்லை. இரவில் கொட்டகைக்குப் போய் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது காஞ்சன்பாக்கிலிருந்து அதிக தூரமில்லாத சௌமகல்லா அரண்மனை. அங்கே ஆறாம் நிஜாமுக்காக வரவழைக்கப்பட்ட மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத அழகு. அது அங்கே அப்படியே இருப்பதுதான் முறை. அதில் யாராவது வேறு இஞ்சின் வைத்தால் நானே போய்ச் சண்டை போடுவேன். ஆனால் அது பிறந்ததே பவனி வருவதற்காக. எங்கள் தவளை பிறந்தது எருமூட்டை சுமப்பதற்காக. இரண்டுக்கும் ஒரே நீதி சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மேலும், இஞ்சின் மாற்றுவது பழமைக்கு விரோதம் என்பதே சரித்திரம் அறியாத பேச்சு. இந்த நாட்டில் சுமைவண்டிகளின் பழமையே இஞ்சின் மாற்றுவதில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது மதுரை டி.வி.எஸ். கம்பெனியார் கரியடுப்பு போன்ற வாயுக் கலங்களைச் செய்து பேருந்துகளின் முதுகில் கட்டி ஓட்டினார்கள். போருக்குப் பின் சென்னைச் செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனியார், 1950-களில், இங்கிலாந்துப் பெர்க்கின்ஸ் கம்பெனியின் பி-6 டீசல் இஞ்சினைச் செய்யத் தொடங்கினார்கள். பிராங்க் பெர்க்கின்ஸ் 1932-இல் பீட்டர்பரோ நகரில் தொடங்கிய கம்பெனி அது; ஆறு சிலிண்டருள்ள பி-6 வந்தது 1937-இல். போரில் வந்து தங்கிய டாட்ஜ், செவர்லே, ஃபார்கோ லாரிகளின் பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொள்வது அன்று சர்வ சாதாரணம். நம் தாத்தாக்கள் நெல் மூட்டையின் மேல் படுத்து வந்த லாரிகளில் எத்தனை லாரிகள் பிறந்த இஞ்சினோடு இருந்தன என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அம்பாசிடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1489 கன சென்டிமீட்டர் கொண்ட ஆங்கில இஞ்சினோடு வாழ்ந்த அந்தக் காருக்கு, 1990-களின் தொடக்கத்தில் அதைச் செய்த கம்பெனியே ஜப்பானிய இசுசு இஞ்சினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் வைத்தது. 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை வெளித்தோற்றம் என்னவோ ஏறக்குறைய அதேதான்.

நிற்க. ஒரு வாரம் கழித்துப் பெரியப்பா என்னை விடுதிக்கே கூப்பிட்டனுப்பினார். "ஏல, இஞ்சினீரிங் படிக்கியே, லீவுக்கு வா. ஆட்டோநகர் போகணும்" என்றார். அவ்வளவுதான் தீர்மானம்.

எந்த இஞ்சினை வைப்பது என்பதில் எங்கள் வீட்டில் ஒரு சிறு போர் நடந்தது. என் வகுப்புத் தோழன் ஒருவன், மின்னணு மூளையுள்ள நவீன டீசல் இஞ்சினைத்தான் வைக்க வேண்டும் என்று வாதாடினான். புகை குறைவு, ஓசை குறைவு, வேகம் அதிகம் என்பது உண்மைதான். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நடுரோட்டில் நின்னா ஸ்பானரால பாக்கலாமா, கம்ப்யூட்டர் வேணுமா?" என்றார். கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஒப்புக்கொண்டான். அதோடு அந்த வழக்கு தள்ளுபடியாயிற்று. முடிவில், விபத்தில் உடல் நசுங்கி ஆட்டோநகருக்கு வந்திருந்த ஒரு பழைய பொலீரோவின் 2523 கன சென்டிமீட்டர் டர்போ டீசல் இஞ்சின் தேர்வாயிற்று. இஞ்சினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் பிரிக்காமல், கிளட்சும் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் ஒட்டியிருக்க, ரசீதோடு வாங்கினோம். இது முக்கியம். இஞ்சின் ஓரிடத்தில், பெட்டி ஓரிடத்தில் என்று மலிவாக வாங்கியவர்கள், இரண்டையும் நேர்கோட்டில் சேர்ப்பதற்குள் மிச்சம் பிடித்ததைப்போல் இரண்டு மடங்கு செலவழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, தலையைக் கழற்றி, சிலிண்டர்களை அளந்தேன். துளை மூன்றரை அங்குலம். வீச்சு சரியாக நான்கு அங்குலம். மில்லிமீட்டர் உலகத்து வண்டிக்குள் அங்குலத்தில் அளவெடுத்த இஞ்சின்! காரணம் தேடினால், அதன் பரம்பரை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் டிராக்டர்களுக்குப் போகிறது. 1963-இல் அந்தக் கம்பெனியும் மகீந்திராவும் வோல்டாஸும் கூடி இந்தியாவில் டிராக்டர் செய்யத் தொடங்கியபோது கரையேறிய விதை அது. பின்னர் தலை மாறி, டர்போ சேர்ந்து, பொலீரோவுக்குள் புகுந்தது. ஆக, எங்கள் 'புது' இஞ்சினின் எலும்புக்கூடும் எங்கள் பழைய வண்டியும் கிட்டத்தட்ட ஒரே தலைமுறை. பெரியப்பாவிடம் சொன்னேன். "அப்படின்னா ஜாதகம் பொருந்தும்" என்றார்.

ஜாதகம் பொருந்தியது, உடல்தான் பொருந்தவில்லை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இஞ்சின் மாற்றுதல் என்றால் இஞ்சினைப் பற்றிய விஷயம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இஞ்சினைத் தூக்கி வைப்பது செயின் பிளாக் இருந்தால் அரைநாள் வேலை. மற்ற நான்கு மாதங்களும், அந்த இஞ்சினை அதன் அண்டை வீட்டார்களோடு சமாதானமாக வாழ வைப்பதில் கழிந்தன.

முதலில் கணக்கு. ஹரிக்கேன் 75 குதிரைத்திறன் என்றேன். புதிய டர்போ டீசலோ ஏறத்தாழ 63 தான். குறைவுதானே என்று நண்பர்கள் கேட்டார்கள். ஹரிக்கேன் தன் 75-ஐக் காட்ட நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்ற வேண்டும். டீசல் தன் 63-ஐ 3200 சுற்றிலேயே காட்டிவிடும். 1500 சுற்றுக்கு அருகிலேயே எருமை போல் இழுக்கத் தொடங்கும். சுமைவண்டிக்கு வேண்டியது அந்த இழுவைதான். ஆனால் 3200-க்குமேல் அது ஓடாது. அங்கேதான் சிக்கல்.

எங்கள் பின்னச்சுக்குள் பினியனில் 8 பல், கிரவுன் சக்கரத்தில் 43 பல். அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற, இஞ்சினிலிருந்து வரும் தண்டு 5.375 முறை சுற்ற வேண்டும். எங்கள் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் போனால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 455 சுற்று; தண்டு 2445 சுற்று. 80 கிலோமீட்டர் என்றால் தண்டு 3260. நேரடியான நான்காம் கியரில் டீசல் அங்கே மூச்சு முட்டி நின்றுவிடும். ஐந்தாம் கியரின் விகிதம் ஏறத்தாழ 0.8. அதைப் போட்டால் 80 கிலோமீட்டருக்கு இஞ்சின் 2600 சுற்றுப் போதும். 60-க்கு இரண்டாயிரத்துக்கும் குறைவு. ஆகவே எங்களுக்குத் தேவைப்பட்டது இஞ்சினைவிட அந்த ஐந்தாவது கியர்தான் என்று சொன்னாலும் பொய்யாகாது. பழைய மூன்று கியர்ப் பெட்டியில் முதல் கியருக்கு ஒத்திசைவு வளையமே கிடையாது. வண்டி முழுதும் நின்றால்தான் விழும். அக்கா அதைக் கேட்டுவிட்டு, "புண்ணியமாப் போச்சு, அதை நான் ஓட்டலை" என்றாள்.

அடுத்தது நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் பெட்டி. ஜீப் குடும்பத்துப் பழைய வண்டிகளில் இது வலப்புறம் ஒதுங்கியே விசையை வெளியே தள்ளும். அதற்கேற்ப அச்சின் உருண்டையும் வலப்புறம் ஒதுங்கி இருக்கும். பொலீரோவின் கியர்ப் பெட்டியோ நேர்நடுவில் தள்ளுகிறது. டிரான்ஸ்ஃபர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே இணைக்கலாம் என்றால், 81 அங்குல வண்டியில் அந்தக் குட்டைத் தண்டு பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். அதன் மூட்டுக் கிராஸ்கள் மாதத்துக்கொரு ஜோடி காலியாகும். மழைக்காலத்தில் பண்ணைச் சேற்றிலிருந்து வெளிவர நான்கு சக்கர இழுவையும் போய்விடும். எனவே புதிய பெட்டிக்கும் பழைய பெட்டிக்கும் நடுவே ஒரு தகடும், ஒரு சாண் நீளத் தண்டும் புதிதாகச் செய்வதென்று முடிவாயிற்று.

அந்தத் தண்டின் ஒரு முனையில் பொலீரோவின் வரிப்பற்கள். மறு முனையில் பழைய பெட்டியின் ஆறு வரிப்பற்கள். வேடிக்கையைப் பாருங்கள்: ஏவுகணைக்கும் விண்கலத்துக்கும் வேண்டிய மேரேஜிங் எஃகை உருக்கும் ஊர் அது. எங்களுக்கு வேண்டியதோ ஒரு சாண் எஃகு. சந்தோஷ்நகர்ப் பக்கத்தில் சிறு லேத் பட்டறை வைத்திருக்கும் உஸ்தாத் ஒருவரிடம் போனோம். பெரியப்பா சாதாரண எஃகில் கடையலாமா என்று கேட்டதும் அவர் தலையை ஆட்டினார். "நக்கோ சாப், முறுக்கிக்கொண்டு போய்விடும்" என்று தக்கணி உருதுவில் சொல்லி, இ.என்.24 எஃகு வாங்கிவரச் சொன்னார். கடைந்து, பல் வெட்டி, சூடேற்றிப் பதம் செய்து, மீண்டும் சாணை பிடித்துக் கொடுத்தார். பெரியப்பா அதைக் கையில் வாங்கி விரல் நகத்தால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தார். ஆயுள் முழுதும் அளவுகளோடு வாழ்ந்த மனிதர். நகமே அவருக்கு மைக்ரோமீட்டர். "நல்லாருக்கு" என்றார். உஸ்தாதும் ஒரு முறை தலையை அசைத்தார். இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் சரியாகக் கிடையாது, வேண்டியிருக்கவும் இல்லை.

தகடுதான் படுத்திவைத்தது. முதல் தகட்டின் நடுத்துளை டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விலகி இருந்தது. கண்ணுக்குத் தெரியாத விலகல். ஆனால் பூட்டிச் சுற்றினால் பெட்டி நாய்க்குட்டி போல முனகியது. அப்படியே ஓட்டினால் பேரிங்கைத் தின்றுவிடும். வேறு தகடு வாங்கி, இம்முறை இரண்டு பெட்டிகளையும் பட்டறைக்கே தூக்கிச் சென்று, அங்கேயே பொருத்திப் பார்த்துத் துளையிட்டோம். முனகல் நின்றது. பின் தண்டை அந்த அளவுக்குக் குறைத்து, மீண்டும் சமன்படுத்த வேண்டியிருந்தது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இஞ்சினின் எண்ணெய்த் தொட்டி முன்னச்சின் உருண்டைமேல் இடித்தது. பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கினால் அச்சு மேலே வந்து தொட்டியைப் பிளந்துவிடும். தொட்டியை வெட்டி, அதே கொள்ளளவு இருக்கும்படி பின்பக்கம் நீட்டி ஒட்டினோம். இஞ்சின் டீசலாதலால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தானாகக் கிடைக்காது; பொலீரோவின் ஆல்டர்னேட்டர் முதுகிலேயே ஒரு வெற்றிடப் பம்பு இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். அதைக் கொண்டு பிரேக்குக்கு ஒரு பூஸ்டர் வைத்தோம். இதுவரை அந்த வண்டியின் பிரேக்கை மிதிக்க ஒரு பயில்வான் தேவைப்பட்டான். இப்போது அக்காவின் செருப்புக் காலே போதும். இதைச் செய்யாமல் இஞ்சினை மட்டும் மாற்றுகிறவர்கள் தெருவுக்கே துரோகம் செய்கிறார்கள் என்பது என் கருத்து.

கியர்க் கம்பி ஒரு தனிக் கதை. ஓட்டுநர் முன்னால், பெட்டி பின்னால். கம்பி நேராக மேலே வந்தால் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் முளைக்கும். ஒரு நீளக் கோலும் மூட்டுக்களும் வைத்து முன்னால் கொண்டுவந்தோம். மூட்டுக்கள் சற்றே தளர்ந்தாலும் மூன்றாம் கியருக்கும் ஐந்தாம் கியருக்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது. மூன்று முறை மாற்றிய பிறகுதான் அக்கா திருப்தி அடைந்தாள். பெரியப்பாவின் கைக்கு முதல் முறையே சரியாக இருந்தது. ஆனால் ஓட்டப்போவது அவரல்லவே. இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் இஞ்சின் மூடியின் உட்புறம் கம்பளமும் அலுமினியத் தாளும் ஒட்டியும், மே மாதத்து ஹைதராபாத்தில் அதன் பக்கத்தில் உட்காருவது அடுப்பங்கரையில் உட்காருவதுதான். இதற்கு மருந்து இல்லை. பிறவிக் குணம்.

ஒன்றில் மட்டும் பெரியப்பா கண்டிப்பாக இருந்தார். சட்டகத்தில் ஓர் அங்குலம்கூட வெட்டக் கூடாது, புதுத் துளை போடக் கூடாது. இஞ்சினைத் தாங்கும் புது இரும்புகள் யாவும் பழைய துளைகளிலேயே போல்ட் போட்டு நிற்கின்றன. இதனால் வேலை ஒரு மாதம் கூடிற்று. ஏன் என்று நான் கேட்கவில்லை. மூலையில் தார்ப்பாய் இருக்கும் திசையை அவர் பார்த்ததே விடையாக இருந்தது.

சட்ட விஷயம்: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை வற்புறுத்தியிருக்கிறது. ஆகவே ஸ்பானரைத் தொடுமுன்பே விண்ணப்பத்தைத் தொட்டோம். எங்கள் நல்ல காலம், பதிவுப் புத்தகத்தில் ஏற்கெனவே டீசல் என்று இருந்தது. இஞ்சினும் வண்டியும் ஒரே கம்பெனி. ரசீதையும் பழைய பொலீரோவின் காகிதங்களையும் காட்டினோம். வேலை முடிந்தபின் ஆய்வாளர் வந்து, இஞ்சின் எண்ணைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டார். பிரேக்கை இரண்டு முறை மிதித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "என் தாத்தாவிடம் இப்படி ஒன்று இருந்தது" என்றார். மோட்டார் ஆசை உள்ள நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் வண்டி வேறாக இருந்தால் விடையும் வேறாக இருக்கலாம். முதலில் கேளுங்கள், பிறகு கழற்றுங்கள்.

முதல் ஓட்டத்தன்று பெரியப்பாவைத்தான் ஓட்டச் சொன்னோம். அவர் மறுத்துப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். அக்கா சாவியைத் திருப்பினாள். பெஜோவாக இருந்தால் ஹீட்டர் சிவக்கும்வரை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். இது சட்டென்று பிடித்துக்கொண்டது. பின்னால் இருபது எருமூட்டை, அதன்மேல் நான். சாகர் சாலையில் கர்மன்காட் தாண்டியதும் ஐந்தாம் கியர் விழும் சத்தம் எனக்குக் கேட்டது. உடனே இஞ்சினின் இரைச்சல் தாழ்ந்து, காற்றின் ஓசை மேலெழுந்தது. கண்ணாடி வழியே உள்ளே பார்த்தேன். பெரியப்பா முன்னால் பார்க்கவில்லை. இஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். இப்ராகிம்பட்டணம்வரை கையை எடுக்கவில்லை.

சேகரிக்கும் கனவான் பின்னர் ஒரு முறை வந்தார். வருத்தப்பட்டார், பிறகு மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, துளை ஒன்றுகூடப் போடவில்லை என்பதைக் கண்டு சற்றே சமாதானமானார். ஹரிக்கேனை மட்டுமாவது விலைக்குத் தரச் சொன்னார். பெரியப்பா தரவில்லை. மாதம் ஒரு முறை, பிளக்குத் துளை வழியே கொஞ்சம் எண்ணெய் விட்டு, கைப்பிடியால் அதை இரண்டு சுற்றுச் சுற்றி வைக்கிறார். விடுமுறையில் நான் போனால் அந்த வேலை எனக்கு.

வண்டி இப்போது வாரம் ஆறு நாள் ஓடுகிறது. டீசல் அளவு காட்டும் முள் மட்டும் இன்னும் அசையவில்லை. புதுத் தொட்டி மிதவைக்கும் பழைய முள்ளுக்கும் ஒத்துவரவில்லை. அக்கா ஒரு மூங்கில் குச்சியில் கத்தியால் கோடு கிழித்து இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறாள். காலையில் புறப்படுமுன் அதைத் தொட்டிக்குள் விட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.